நிழலுக்கு இழுத்த நாய்: அமிர்தி காட்டோரத்தில் ஒரு வண்டி ஓட்டமும் ஒரு வெப்பத்தாக்கும்

பின்னணி

காட்பாடிப் பக்கம் சிறிய கால்நடை மருத்துவமனை வைத்திருக்கிறேன். 2019-இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டாலும், என்னிடம் வரும் நாய்கள் இன்னும் பழைய வடாற்காடு முழுவதிலிருந்தும் வருகின்றன. அவற்றில் ஹஸ்கிகள், அதாவது பனிப்பிரதேசத்து இழுவை நாய்கள், நான் விரும்புவதைவிட அதிகம். குட்டியாக ஆசைப்பட்டு வாங்கி, முதல் கோடையிலேயே கரண்ட் பில்லைப் பார்த்துத் திகைத்து, இரண்டாவது கோடையில் யாரிடமாவது தள்ளிவிடுகிறார்கள்.

இந்த நிகழ்வில் வரும் இரண்டு ஹஸ்கிகளும் அப்படிக் கைமாறியவைதான். ஆண் நாய்க்கு வயது நாலு, எடை 26 கிலோ. பெண் நாய்க்கு மூன்று வயது, 20 கிலோ. இவற்றை எடுத்து வளர்த்தவர் முப்பதைத் தாண்டிய இளைஞர். பின்லாந்தின் வடக்கில் இரண்டு குளிர்காலம் வேலை பார்த்தவர். விடுமுறை நாட்களில் அங்கே ஒரு நாய்ப் பண்ணையில் கூடமாட உதவி, பனியில் நாய்கள் ஸ்லெட் (சக்கரமில்லாத பனிச்சறுக்கு வண்டி) இழுப்பதைக் கற்றுக்கொண்டவர். ஊர் திரும்பிய பிறகு, ஓட இடமில்லாமல் வீட்டுக்குள் சோபாவைக் கிழித்துக்கொண்டிருந்த இரண்டு நாய்களுக்கும் அந்த ஓட்டத்தைத் தரவேண்டும் என்று நினைத்தார். அந்த எண்ணத்தில் எனக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. இழுப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட நாய் அது.

பனி இல்லாத இடங்களில் சக்கர வண்டியில் நாய்களைப் பூட்டிக் காட்டுப்பாதையில் ஓட்டுவது ஐரோப்பாவில் தனி விளையாட்டாகவே நடக்கிறது. அலாஸ்காவிலும் பனி விழுவதற்கு முந்தைய மாதங்களில் நான்கு சக்கர மோட்டார் வண்டிகளை இழுக்க வைத்துத்தான் பழக்குகிறார்கள். இவர் ஒரு வெல்டிங் பட்டறையில் சைக்கிள் சக்கரங்கள் மூன்றை வைத்து, டிஸ்க் பிரேக் போட்டு, 35 கிலோவில் ஒரு வண்டி செய்துகொண்டார். மூன்றாவது நாயாக, தெருவிலிருந்து வந்து வீட்டோடு ஒட்டிக்கொண்ட செவலை நிற நாட்டு நாய் சேர்ந்தது. எடை 18 கிலோ. அதற்கும் ஒரு ஹார்னஸ் (இழுப்பதற்கு உடம்பில் மாட்டும் பட்டை) தைத்தார்கள். அவருடைய தங்கையும் ஒரு நண்பரும் உதவிக்கு. பிப்ரவரி கடைசியில் நாலைந்து தெரிந்தவர்கள் மட்டும் கூடி, ஐந்து கிலோமீட்டரை நேரம் குறித்து ஓட்டிப் பார்ப்பது என்று திட்டம்.

முதல் பரிசோதனை: நான் கேட்காமல் விட்டது

நவம்பரில் மூன்று நாய்களையும் என்னிடம் கொண்டுவந்தார். இதயம், மூட்டு, பாதம், ரத்தம் எல்லாம் பார்த்தேன். குறை இல்லை. காட்டோரம் போவதால் வெறிநாய்க்கடி, டிஸ்டெம்பர் (நாய்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய்) தடுப்பூசிகளைப் புதுப்பித்தேன். நாயிடமிருந்து நரிக்கும் காட்டுப்பூனைக்கும் நோய் தொற்றக்கூடாது என்பதும் ஒரு காரணம். பிறகு, "விடியறதுக்குள்ள ஓட்டி முடிச்சிடுங்க, தண்ணி கையில இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த அறிவுரை போதாது. எத்தனை டிகிரிக்கு மேல் ஓட்டக்கூடாது என்று எண் சொல்லவில்லை. பகலில் நாய்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்கவில்லை. இரண்டு ஹஸ்கிகளும் நாள் முழுக்க ஏசி அறையில் இருந்தன என்பது பிறகுதான் தெரிந்தது. உடம்பு வெயிலுக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். 22 டிகிரி அறையிலேயே கிடக்கும் நாய்க்கு அந்தப் பழக்கம் வர வழியே இல்லை. நாட்டு நாய் மட்டும் வெளியே வேப்பமரத்தடியில் படுத்திருந்தது.

ஸ்லெட் நாய் என்றதும் நம் மனதில் வருவது 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரத்துக்கு டிப்தீரியா மருந்து கொண்டுபோன ஓட்டம். சுமார் 20 ஓட்டுநர்கள், 150 நாய்கள், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், ஆறு நாளுக்குள். 1973 முதல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை நடக்கும் இடிடரோட் பந்தயத்தின் தூரம் சுமார் 1,600 கிலோமீட்டர். அவ்வளவு குளிரிலும் ஓடின என்று வியக்கிறோம். உண்மையில் அந்தக் குளிர் இருந்ததால்தான் அவ்வளவு தூரம் ஓட முடிந்தது. ஓடும்போது தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் வெப்பமாக மாறுகிறது. அதை வெளியே தள்ள நாய்க்கு மனிதனைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்து இரைத்து, நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் தள்ளவேண்டும். சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருந்தால் வேலை சுலபம். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் எவ்வளவு இரைத்தாலும் பலன் குறைவு. அலாஸ்காவிலேயே வெயில் ஏறினால் நாய்களைப் படுக்க வைத்துவிட்டு இரவில் ஓட்டுகிறார்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி நடு வரை

இந்தக் காலத்தில் தவறு எதுவும் நடக்கவில்லை. வாரம் மூன்று நாள், விடியற்காலை ஐந்தரைக்கு, அமிர்திக்குப் போகும் வழியில் ஜவ்வாது மலை அடிவாரத்து வண்டிப்பாதை ஒன்றில் ஓட்டினார்கள். ஒன்றரை கிலோமீட்டரில் தொடங்கி மூன்றுக்கு வந்தார்கள். ஓட்டியவர் நோட்டில் எழுதிவைத்த வெப்பநிலை பெரும்பாலும் 16 முதல் 19 டிகிரிக்குள். ஓடி முடித்துப் பத்து நிமிடத்தில் மூச்சு நிதானத்துக்கு வந்துவிடும் என்றும் குறித்திருந்தார். நல்ல குறிப்பு நோட்டு அது. பிற்பாடு நடந்ததை நான் புரிந்துகொண்டதே அதை வைத்துத்தான்.

ஆனால் அதில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. "ஆண்: கடைசிவரை கயிறு விறைப்பு. இன்னும் ஓடத் தயார்." "ஆண்: நிறுத்தினாலும் இழுக்கிறான்." இதை அவர் நல்ல சகுனமாக எழுதியிருந்தார். நானும் அப்போது படித்திருந்தால் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பேன்.

ஓட்ட நாள்

பிப்ரவரி கடைசி ஞாயிறு. முந்தின நாள் இரவு ஆண் நாய் சோற்றில் பாதியை வைத்துவிட்டது. தங்கை அதைக் கவனித்தார். "நாளைக்கு ஓடப்போற குஷி" என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். நோட்டில் ஏறவில்லை.

காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஹார்னஸ் மாட்டி, கயிற்றில் பூட்டி, வண்டியை நிறுத்தியிருந்தபோது 6.10-க்கு வனத்துறை கார்டும் வாட்சரும் வந்தார்கள். அந்த வண்டிப்பாதை கொஞ்ச தூரத்தில் எல்லைக்கல்லைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் போகிறது. இவர்கள் மூன்று மாதமாக அதைப் பட்டா நிலம் என்றே நினைத்திருந்தார்கள். அனுமதிக் கடிதம் இல்லை. இந்தப் பக்கத்தில் நாய்களைக் கூட்டிக்கொண்டு முயல் வேட்டைக்குப் போகிறவர்கள் உண்டு. இருட்டில் கயிறு கட்டிய மூன்று நாயும் தலைவிளக்கு மாட்டிய நாலு பேரும் நின்றால் கார்டு என்ன நினைப்பார்? அவர் கேட்டது முழுக்க நியாயம். தமிழ்நாடு வனச் சட்டம் 1882-லிருந்து இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம் என்பது நாயோடு போகிறவருக்கும் பொருந்தும். விசாரித்து, போனில் இருந்த பழைய ஓட்டப் படங்களைப் பார்த்து, கடைசியில் எச்சரித்துவிட்டார். வழக்கு இல்லை. "உள்ள போகாதீங்க. ஏரிக்கரை ரோட்டுல ஓட்டிக்கோங்க."

இதற்கு நாற்பது நிமிடம் ஆனது. அந்த நாற்பது நிமிடமும் நாய்கள் பூட்டிய நிலையிலேயே இருந்தன. பூட்டிய ஸ்லெட் நாய் சும்மா நிற்காது. குரைக்கும், எகிறும், கயிற்றைக் கடிக்கும், நின்ற இடத்திலேயே வண்டியை உலுக்கும். ஓட்டம் தொடங்குமுன்பே உடம்பு சூடேறிவிட்டது. யாரும் அவிழ்த்துவிடவில்லை, தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவும் இல்லை.

வண்டியைத் திருப்பி ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து கிளம்பும்போது மணி 7.05. வெப்பநிலை 23 டிகிரி. வேலூர்க்காரர்களுக்கு இது ஸ்வெட்டர் போடலாமா என்று யோசிக்கிற காலை. ராத்திரி விழுந்த பனி இன்னும் விலகாமல் புல்லெல்லாம் நனைந்து கிடந்தது. அதாவது காற்றில் ஈரம் நிறைந்திருந்தது. கரைமேல் மரநிழல் கிடையாது. வழக்கமான மூன்று கிலோமீட்டருக்குப் பதில் ஐந்து.

மூன்றரை கிலோமீட்டரில் கரையோரம் ஒரு புளியமரம். நாட்டு நாய் அந்த நிழலைப் பார்த்துப் பக்கவாட்டில் இழுத்தது. மற்ற இரண்டும் நேராகப் போக, வண்டி கோணியது. ஓட்டியவர் "ஆன் பை" என்று சத்தம் கொடுத்தார். எதையும் கவனிக்காமல் கடந்து போ என்பதற்கான கட்டளை அது. இரண்டாவது முறை சொன்னதும் நாட்டு நாய் பணிந்து வரிசைக்கு வந்தது. பின்னால் பைக்கில் வந்த நண்பர் எடுத்த வீடியோவில் இது முழுதும் பதிவாகியிருக்கிறது. பலமுறை பார்த்தேன். அந்த இடத்தில் ஆண் ஹஸ்கியின் நாக்கு நுனி அகன்று, கரண்டிபோல மேல்நோக்கி மடங்கியிருக்கிறது. பின்னங்கால்கள் வழக்கத்தைவிட அகட்டி விழுகின்றன. அதன் கயிறு இரண்டு விநாடி தொய்ந்து, மறுபடி விறைக்கிறது. மூன்றில் ஒரு நாய் நிறுத்தச் சொல்லிக் கேட்டது. நிறுத்தவேண்டிய நாயோ கேட்கவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தது.

நாலரை கிலோமீட்டரில், 7.25-க்கு, ஆண் ஹஸ்கி தள்ளாடி உட்கார்ந்தது.

முதல் இருபது நிமிடம்

7.28-க்கு எனக்குப் போன். "டாக்டர், ஆடறான், நிக்க முடியல. கார்ல ஏத்திட்டோம், கிளம்பறோம்."

அங்கிருந்து என் மருத்துவமனைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெப்பத்தாக்கில் சேதத்தைத் தீர்மானிப்பது உடம்பு எவ்வளவு நேரம் கொதித்தது என்பதுதான். முதலில் குளிர்விக்கவேண்டும், பிறகுதான் கொண்டுவரவேண்டும். "எறக்குங்க. பக்கத்துல தண்ணி எங்க இருக்கு?" என்றேன்.

பக்கத்து நிலத்தில் போர்வெல் ஓடிக்கொண்டிருந்தது, தொட்டி நிறையத் தண்ணீர். நிலத்துக்காரப் பெரியவர் எருது விடும் விழாவுக்குக் காளை வளர்ப்பவர். அதற்குள் வேடிக்கை பார்க்கக் கூடியவர்களில் ஒருவர், "பச்சத் தண்ணி ஊத்தாதீங்கப்பா, ஜன்னி கண்டுடும்" என்று தடுத்திருக்கிறார். ஓட்டியவர் தயங்கினார். போனிலேயே பெரியவரின் குரல் கேட்டது: "மாடு ஓடி வந்தா நாங்க எதை ஊத்தறோம்? எறக்குப்பா தொட்டியில."

நான் சொன்னவை இவ்வளவே. கழுத்துவரை தண்ணீரில் இருக்கட்டும், தலை மேலே இருக்கட்டும். பம்பை நிறுத்தாதீர்கள். வாயில் வலிய ஊற்றாதீர்கள், தானாகக் குடித்தால் சரி. ஈரச் சாக்கை எடுத்துவிடுங்கள். காருக்குள் அதன்மேல் நனைத்த கோணிச்சாக்கு ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். கனத்த மயிர்மேல் ஈரச் சாக்கு கொஞ்ச நேரத்தில் சூடாகி, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான்.

அவர்களுடைய மருந்துப்பெட்டியில் தெர்மாமீட்டர் இருந்தது. 7.32-க்கு ஆசனவாய் வெப்பநிலை 41.9 டிகிரி. நாய்க்கு இயல்பு 38-லிருந்து 39 சொச்சம். இங்கே ஒன்று சொல்லவேண்டும்: கடுமையாக ஓடிய நல்ல ஆரோக்கியமான நாய்க்கும் 41 வரை ஏறுவதுண்டு, ஓய்வெடுத்தால் இறங்கிவிடும். எண் மட்டும் என்னைப் பயமுறுத்தவில்லை. தள்ளாட்டமும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காததும்தான் பயமுறுத்தின.

7.41-க்கு 40.5. 7.46-க்கு 39.6. அத்தோடு வெளியே எடுக்கச் சொன்னேன். அதற்குமேலும் தண்ணீரில் வைத்திருந்தால் இயல்புக்குக் கீழே சரிந்துவிடும்.

"மத்த ரெண்டு நாயையும் பாத்தீங்களா?" என்று அப்போதுதான் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. பெண் ஹஸ்கி 40.6, தானாகவே வாய்க்காலில் படுத்திருந்தது. அதையும் தொட்டியில் இறக்கினார்கள். நாட்டு நாய் 39.4, பம்புசெட்டு நிழலில்.

மருத்துவமனையில்

8.45-க்கு வந்து சேர்ந்தார்கள். ஏசி ஓட, மயிரைத் துவட்டாமல் ஈரத்தோடு கொண்டுவந்தது நல்ல வேலை. வெப்பநிலை 38.7. ஈறு செங்கல் நிறம். ரத்தத்தில் சர்க்கரை 58, குறைவு. வயிற்றுத் தோலில் கடுகளவு சிவப்புப் புள்ளிகள். பத்து மணிக்கு ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு தொடங்கியது. டிரிப், குளுக்கோஸ், வயிற்றுக்கு மருந்து என்று ஆரம்பித்தோம். வெப்பம் இறங்கியதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று வீட்டார் நினைப்பது இயல்பு. ரத்தம் உறையும் தன்மை கெடுவதும், சிறுநீரகம் தடுமாறுவதும் அடுத்த இரண்டு மூன்று நாளில்தான் வெளியே தெரியும். அதை முதல் மணியிலேயே சொன்னேன். செலவையும் சொன்னேன்.

இரண்டாம் நாள் ரத்தத் தட்டணுக்கள் 42,000-க்கு விழுந்தன. இரண்டு லட்சமாவது இருக்கவேண்டும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 2.9, அதிகம். ஊசி குத்திய இடத்தில் கசிவு நிற்கவில்லை. எனக்குத் தெரிந்த வீட்டு லாப்ரடார் ஒன்று, 32 கிலோ, ரத்தம் கொடுத்தது. அன்று இரவு ஓட்டியவரும் தங்கையும் கூண்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நானும் வீட்டுக்குப் போகவில்லை.

தட்டணு இவ்வளவு விழுந்ததற்கு வெப்பம் ஒன்றே போதுமான காரணம். ஆனாலும் பாதி மிச்சம் வைத்த சோற்றைப் பற்றித் தங்கை சொன்னதும் உண்ணிக் காய்ச்சலுக்கு மாதிரி அனுப்பினேன். உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி இருப்பதாக முடிவு வந்தது. நவம்பரில் இல்லாதது, காட்டோரப் புல்லில் இடையில் எப்போதோ ஏறியிருக்கிறது. அதற்கான மருந்தான டாக்ஸிசைக்ளின் தொடங்கினோம். உண்ணிதான் காரணம், ஓட்டம் இல்லை என்று சிலர் சொல்லிப்பார்த்தார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் நோயிருந்த நாய் வேகமாக விழுந்திருக்கும், சரி. ஆனால் நோயில்லாத பெண் நாய்க்கும் 40.6 இருந்தது.

மூன்றாம் நாள் தானாக எழுந்து நின்றது. ஆறாம் நாள் கிரியாட்டினின் 1.4, தட்டணு 1,30,000. வீட்டுக்கு அனுப்பினேன்.

அதன்பின் எடுத்த முடிவுகள்

ஆண் நாய் இனி வண்டி இழுக்காது என்று சொன்னேன். ஒருமுறை வெப்பத்தாக்கு கண்ட நாய் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம். ஓட்டியவர் விவாதிக்கவில்லை.

தங்கை ஒரு கேள்வி கேட்டார்: இதற்கெல்லாம் சட்டத்தில் வரம்பு இல்லையா? வண்டி இழுக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய விதிகள் இருக்கின்றன. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை பூட்டக்கூடாது என்கின்றன. மாட்டையும் குதிரையையும் மனதில் வைத்து எழுதியது. எவ்வளவு சுமை என்று சொல்லும் அட்டவணையில் நாயே கிடையாது. ஹஸ்கிக்கு அந்த 37 எந்த வகையிலும் உதவாது. ஆகவே எங்களுக்கான எண்ணை நாங்களே வைத்தோம். நோட்டில் நல்லபடியாக முடிந்த ஓட்டங்கள் பெரும்பாலும் 19-க்குள். அதையும் குறைத்து 17 என்று வைத்தோம். பனிமூட்டம் இருந்தால் எண் எதுவானாலும் ஓட்டம் இல்லை. இப்படி வைத்தால் வேலூரில் ஆண்டுக்குச் சில வாரங்கள்தான் கிடைக்கும், சில ஆண்டுகள் அதுவும் சந்தேகம். அது சரிதான் என்று நினைக்கிறேன்.

பூட்டியபின் ஐந்து நிமிடத்துக்குமேல் தாமதமானால் அவிழ்த்துவிட்டு, மறுபடி வெப்பநிலை பார்க்காமல் கிளம்புவதில்லை என்பது இரண்டாவது முடிவு. இந்த நிகழ்வில் ஒரே ஒரு இடத்தை மாற்றலாம் என்றால் நான் அந்த நாற்பது நிமிடத்தைத்தான் மாற்றுவேன். காப்புக்காட்டுப் பக்கம் போவதை விட்டுவிட்டார்கள். உறவினர் ஒருவரின் மாந்தோப்பில், சொட்டுநீர்க் குழாய் ஓடும் வரிசைக்கிடையில், நிழலான முக்கால் கிலோமீட்டர் பாதை கிடைத்திருக்கிறது. இரண்டு முனையிலும் தொட்டி.

மூன்று நாயில் எது ஒதுங்கினாலும் வண்டி நிற்கவேண்டும் என்பதும் சேர்ந்தது. "ஆன் பை" முயலுக்கும் மாட்டுக்கும் தெருநாய்க்கும் உரிய கட்டளை. நிழலுக்கு அது கிடையாது.

என் பக்கத்தில், வேலை செய்யும் நாய் எது வந்தாலும் இப்போது பகலில் எங்கே படுக்கிறது என்று கேட்கிறேன். எண்ணை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுக்கிறேன்.

இன்றைய நிலை

நாட்டு நாய் தங்கையின் இடுப்புக் கயிற்றில் காலையில் இரண்டு கிலோமீட்டர் கூடவே ஓடுகிறது. அது நின்றால் அவரும் நிற்கிறார். வண்டி பெரியவரின் கொட்டகையில் இருக்கிறது. காளைக்குக் கோ-4 புல் கட்டு ஏற்றப் பயன்படுவதாகச் சொன்னார். ஆண் ஹஸ்கியின் ஆகஸ்ட் பரிசோதனையில் தட்டணு 2,10,000, சிறுநீரகம் இயல்பு. கோடை முழுக்க மாலையில் மட்டும் நடை.

பெண் ஹஸ்கியை இந்தக் குளிர்காலத்தில் பூட்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. டிசம்பர் முதல் வாரம் அழைத்து வரச் சொன்னேன். அதற்கு முந்தைய மூன்று வாரம் ஒவ்வொரு இரவும் தட்டில் எவ்வளவு மிச்சம் வைத்தது என்று எழுதிக்கொண்டு வரவும் சொல்லியிருக்கிறேன்.